கும்பிட விடாத பெடல்

ஓடுகிற சைக்கிளிலிருந்து விழுகிறவனை ஊர் மன்னித்துவிடும். கல் தடுக்கியிருக்கும், நாய் குறுக்கே வந்திருக்கும் என்று அதுவே ஒரு காரணம் சொல்லிக்கொள்ளும். நிற்கிற சைக்கிளிலிருந்து விழுகிறவனுக்கு எங்கள் ஊர் போடியில் ஒரே காரணம்தான் உண்டு. விடிந்தும் விடியாத நேரத்தில், டீக்கடை வாசலில், ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிய ஐம்பதை நெருங்கும் ஆள் ஒருவன் அப்படி விழுந்தால் அந்தக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை. கட்டை விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் அப்படி விழத் தொடங்கினேன்.

மகள் நர்சு படிப்பு முடித்து தேனியில் வேலை பார்க்கிறாள். வந்த ஜாதகங்களை எல்லாம் ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தவள், ராசிங்காபுரத்துப் பையன் போட்டோ வந்தபோது எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நெற்றி கொஞ்சம் அகலம். போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது அவளுடைய வேலைக்குப் போகிற பையில் இருக்கிறது என்று என் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் இதைவிடத் தெளிவாக யாரும் சம்மதம் சொல்வதில்லை.

இதற்கு நடுவில் சைக்கிள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் ஏலக்காய்க் கடையில் மூட்டை எடை போட்டு, ஏலத்துக்கு மாதிரி எடுத்து வைக்கிற வேலை செய்கிறேன். பத்தாவது வரை படிப்பு. பேச்சு எனக்கு வராது. பஸ்சில் இறங்குகிற இடம் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள். அப்படிப்பட்ட எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். போடியில் நடந்து போகிறவனை யாராவது சும்மா விடுவார்களா?

"என்னண்ணே, எங்கிட்டு?"

"சும்மா, நடக்கிறேன்."

"சும்மா எதுக்கு நடக்கணும்? சுகரா?"

பிறகு ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான் என்று ஆளுக்கொரு மருந்து. நான் நின்று தலையாட்ட வேண்டும். நடந்த தூரத்தைவிடத் தலையாட்டிய நேரம் அதிகமாகிச் சர்க்கரை இறங்கவே இல்லை. சைக்கிள் என்றால் அந்தத் தொல்லை கிடையாது. ஒரு தலையசைப்போடு கடந்துவிடலாம். பேசாமல் இருப்பதற்கென்றே செய்த வண்டி அது என்று எனக்குத் தோன்றியது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி, புதுச் சைக்கிள் வாங்கியதால் பழையதை லாரி பார்சலில் எனக்கு அனுப்பிவைத்தான். தார் ரோட்டிலும் ஓடும், மண் ரோட்டிலும் ஓடும் என்றான். பிரித்துப் பார்த்தேன். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை. விலை ஏற ஏறச் சாமான் குறையும் என்று புரிந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால் பெடலும் இல்லை.

போன் போட்டேன். "மாப்ளே, பெடலக் காணோமே. லாரில விழுந்துருச்சா?"

"இல்ல மச்சான், நான்தான் கழட்டிக்கிட்டேன். நல்ல சைக்கிளுக்குப் பெடல் கூட வராது. அவுங்கவுங்க காலுக்குத் தக்கன அவுங்கவுங்கதான் பாத்து வாங்கிப் போடணும்."

வாழ்நாளில் என் காலுக்குச் செருப்பைத் தவிர வேறு எதையும் பார்த்து வாங்கியதில்லை. அதனால் போடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்திடம் போனேன். ஒரு பல் டாக்டர்தான் அதற்குத் தலைவர். வங்கி அதிகாரி, சிமெண்டுக் கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் உடம்பை ஒட்டிய பளபளச் சட்டை. எல்லாருக்கும் சர்க்கரை. ஆனால் அதை யாரும் சர்க்கரை என்று சொல்வதில்லை, ஃபிட்னஸ் என்பார்கள்.

சாதாரணப் பெடல் போடலாம் என்று நான் சொன்னதும் டாக்டர் என் பல்லில் ஓட்டை கண்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இந்தச் சைக்கிளுக்கு அதப் போட்டா பாவம். கிளிப்லெஸ்தான் போடணும்."

கிளிப்லெஸ் என்றால் இதுதான். ஷூவின் அடியில் ஒரு துண்டு பொருத்தியிருக்கும். அதைப் பெடலில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். பிறகு காலும் பெடலும் ஒன்று. மிதிப்பது மட்டுமல்ல, மேலே இழுக்கவும் செய்யலாம். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். இவ்வளவு கவ்வுகிற சாமானுக்கு ஏன் கிளிப் இல்லாதது என்று பெயர் என நான் கேட்கவில்லை. கேட்பது என் பழக்கம் இல்லை.

அதில் இரண்டு வகை. ரோடு வகைக்கு ஷூவின் அடியில் பெரிய பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டிருக்கும். மலை வகைக்குச் சின்ன இரும்புத் துண்டு, அது அடிப்பாகத்துக்குள் பதிந்திருக்கும். எங்கள் கூட்டம் ஓட்டுவதோ இரண்டிலும். முந்தல் வழியாகக் குரங்கணி வரை தார். அதற்கு மேல் எஸ்டேட் ஜீப்பு போகிற பாதை, உருண்டைக் கல்லும் சேறும். எனக்கு எந்த வகை பொருந்தும் என்று போனில் உள்ள குரூப்பில் விவாதம் கிளம்பியது. டாக்டர் ரோடு கட்சி. "பெடல்ல ஒரு சொட்டு பலம் வீணாப் போகக் கூடாதுண்ணே" என்றார். என்னிடம் வீணாக்குகிற அளவுக்குப் பலம் இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. சிமெண்டுக் கடைக்காரர் மலைக் கட்சி. "சேத்துல எறங்கி நடக்கணும்ல? டாக்டர் வந்து தூக்கிட்டுப் போவாரா?" என்று எழுதினார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கவ்வுகிறது என்று மூன்றாவதாக ஒன்று இருப்பதாக வங்கி அதிகாரி மெதுவாகச் சொன்னார். இரண்டு கட்சியும் சேர்ந்து அவரைத்தான் முதலில் விரட்டியது. "அது ரெண்டுங்கெட்டான் சார்" என்றார் டாக்டர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிமெண்டுக் கடைக்காரர் அவருக்குக் கட்டைவிரல் உயர்த்தினார்.

விவாதம் நடந்த வாரங்களில் யாரும் சைக்கிள் ஓட்டியதாக நினைவில்லை. சம்பந்தப்பட்டவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கல்யாணப் பேச்சு மாதிரிதான் அதுவும் நடந்தது.

கடைசியில் டாக்டர் தன்னுடைய பழைய ரோடு வகைப் பெடலையும் ஷூவையும் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். தார் ரோட்டில் குறையொன்றும் இல்லை. குரங்கணிக்கு மேலே, எஸ்டேட் பாதையில் தண்ணீர் ஓடிய பாறையைக் கடக்க இறங்கியபோதுதான் வினை. பிளாஸ்டிக் துண்டு பாறையில் பட்டதும் இரண்டு காலும் இரண்டு எஸ்டேட்டுக்குப் போனது. உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு ஏலச்செடித் தூருக்குள் போய் நின்றேன். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, காலுக்கு லாடம் அடிச்சிருக்கீகளா?"

அன்றைக்கே மலை வகை என்று முடிவு செய்தேன். இறக்குமதி செய்து விற்கிற கடையிலிருந்து பெடலும் ஷூவும் வந்தன. எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அப்படி ஒரு பெடலை அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்திராத மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் கழித்துத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கம்பெனிக்காரன் இதுல ஒரு குட்டி ஸ்குரூவ லூசா விட்டுருந்தாண்ணே. ரெண்டு பக்கமும் நல்லா முறுக்கி விட்டுட்டேன். இனி ஆன வந்து இழுத்தாலும் கழலாது."

கழலாது என்பது எங்கள் ஊரில் பெரிய பாராட்டு. மோட்டார் செட்டாகட்டும், கேட்டாகட்டும், கழலாமல் இருந்தால்தான் நல்ல வேலை. நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் குட்டி ஸ்குரூதான் பெடலின் பிடியை இறுக்குவதும் தளர்த்துவதும் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து மூன்று நான்கு முறை முறுக்கினால்தான் கால் விடும். முடியாதபோது ஷூவைப் பெடலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குவேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகும் என்று நினைத்தேன். குரூப்பில் கேட்டிருக்கலாம். கேட்டால் இரண்டு கட்சியும் மறுபடி கிளம்பும் என்று பயம்.

முதல் நாள் எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் பஸ்சு ஒன்று திரும்பியது. நின்றேன். குதிகாலைத் திருப்பினேன். வரவில்லை. டீக்கடையில் கிளாசோடு நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நானும் அவர்களைப் பார்த்தேன். பிறகு மெதுவாக, யாரோ படுக்க வைக்கிற மாதிரி, இடப்பக்கம் சாய்ந்தேன். விழுவதற்குள் ஒருவர் "பாத்துண்ணே" என்று முழுதாகச் சொல்லி முடித்துவிட்டார். அவ்வளவு நிதானமான விழுகை.

ஓடிவந்து தூக்கினார்கள். "பெடலு மாட்டிக்கிச்சு" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் எனக்கு வந்தது "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பதுதான். குடித்துவிட்டு விழுகிற எல்லாரும் சொல்வது அதுதான் என்று எழுந்த பிறகே நினைவு வந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூட வேனுக்கு வழிவிட நின்றபோது அதே இடத்தில் விழுந்தேன். அதற்கடுத்து, விழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்ததால் விழுந்தேன். இப்போது யாரும் ஓடி வரவில்லை. டீ மாஸ்டர் மட்டும் ஆற்றுகிற கையை நிறுத்தாமலே சொன்னார்: "வீட்டுக்குப் போயி மோர் குடிச்சுட்டுப் படுங்கண்ணே. சரியாப் போயிரும்."

கடையில் காய் பொறுக்கும் பெண்களுக்கும் விஷயம் போய்விட்டது. "அண்ணே, ரெண்டு காய எடுத்து வாயில போட்டுக்கங்க, வாசம் தெரியாது" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சல்லடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஊரில் குடிக்கிறவர்கள் வாடையை மறைக்க ஏலக்காய்தான் மெல்லுவார்கள். எனக்கோ சட்டை, தலைமுடி, வியர்வை எல்லாமே பல வருஷமாக ஏலக்காய் வாசம். அதுவரை அது என் தொழில் வாசம். இப்போது எனக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் மனைவி ரேஷன் கடையிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, டீக்கடைல விழுந்தீகளா?"

"ம்."

"அத ஒரு வார்த்த வீட்ல சொல்ல மாட்டீகளா? வரிசைல நிக்கிறவ எல்லாம் எனக்கு ஆறுதல் சொல்றாளுக. எந்த டாக்டர்ட்டக் காமிச்சா குடி நிக்கும்னு ஒருத்தி அட்ரஸ் குடுக்குறா."

"பெடலு மாட்டிக்கிது" என்றேன்.

"எனக்குத் தெரியும். ராசிங்காபுரத்துக்குத் தெரியுமா? பையனோட தாய்மாமன் விசாரிக்க வரப் போறாராம். லேசுப்பட்ட ஆளு இல்லையாம். ஒரு எடத்துல அப்பன் சீட்டு ஆடுறான்னு தெரிஞ்சு, நிச்சயத்துக்குப் பந்தல் போட்ட பெறகு நிப்பாட்டுனவராம்."

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இப்படி விசாரிக்க ஒருவர் வருவார். வீட்டுக்கு வரமாட்டார். டீக்கடையில் உட்காருவார், முடிவெட்டுகிற கடையில் பேப்பர் பார்ப்பார். பெண்ணைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். அப்பனைப் பற்றித்தான் கேட்பார். அதில் முதல் கேள்வியே தண்ணி உண்டா என்பதாக இருக்கும். டீக்கடையில் என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே மகள் யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

பல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூன்று வழிகள் சொன்னார். ஒன்று, குரூப்பில் விளக்க அறிக்கை விடலாம். இரண்டு, டீக்கடையில் பெடலைப் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாம், அவரே தலைமை தாங்குவார். இரண்டையும் கேட்கும்போதே எனக்கு வேர்த்தது. மூன்றாவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

"சைக்கிள நிப்பாட்டிட்டா, குடிச்சுட்டு வீட்ல கெடக்குறாருன்னு முடிவே பண்ணிருவாங்கண்ணே. தெனம் அதே டீக்கடைக்குப் போங்க. விழுகாம நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

விழாமல் நிற்க வழி இருந்தது. டீக்கடையை ஒட்டி ஒரு மின்கம்பம். கால் இரண்டும் பெடலில் மாட்டியபடியே அதன் பக்கத்தில் போய், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். மறு கையில் டீ வாங்கிக் குடிக்கலாம். குடித்து முடித்ததும் கம்பத்தைத் தள்ளிவிட்டுக் கிளம்பலாம். மனைவியிடம் சொன்னேன். "என்னமோ செய்ங்க. விழுகாம வாங்க" என்றாள்.

இரண்டு நாள் அருமையாக நடந்தது. கம்பத்தைப் பிடித்த என் நிதானத்தை ஊர் ஏமாற்றத்தோடு பார்த்தது.

அதற்கடுத்த நாளும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மொபெட் வந்து என் பக்கத்தில் நின்றது. பின்னால் வாழை இலைக்கட்டு. இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். தோளில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்கிற கண். சும்மா நின்றுகொண்டிருந்தவன் நான்தான் என்பதால் என்னிடமே கேட்டார்.

"ஏப்பு, ஏலக்காக் கடையில எடை போடுறவரு வீடு இங்கிட்டுத்தான?"

டீக்கடையில் ஆற்றுகிற சத்தம் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள்.

"ஆமாங்க" என்றேன்.

"நமக்கு ராசிங்காபுரம். ஒரு நல்ல காரியமா வந்தேன். ஆளு எப்படி?"

என்னைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, "சுமாரா இருப்பாருங்க" என்றேன்.

"பழக்கமா?"

"ரொம்பன்னு சொல்ல முடியாதுங்க."

"தண்ணி போடுவாராம்ல?"

"இல்லிங்க. அந்தப் பழக்கம் கெடையாதுங்க."

"நீ ஒருத்தந்தான்ப்பு இப்பிடிச் சொல்ற. வர்ற வழியில மூணு பேருகிட்டக் கேட்டுட்டேன். காலைல இந்த டீக்கடைக்கு முன்னாடி வந்து விழுகுறாராம்ல? அதான், கேட்ட பேச்ச நம்பக் கூடாது, கண்ணால பாத்துருவோம்னு வெள்ளன வந்தேன். எப்ப விழுவாரு?"

உள்ளே இருந்து டீ மாஸ்டர் குரல் வந்தது. "வழக்கமா இந்நேரம் விழுந்துருக்கணும்ய்யா. இப்ப ரெண்டு நாளா என்னமோ தெரியல, போஸ்ட்டப் பிடிச்சுக்கிறாரு."

பெரியவர் மின்கம்பத்தைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கையிலிருந்து என் முகத்துக்கு வந்தார்.

கம்பத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பேச்சிலிருந்து தப்பிக்கத்தானே சைக்கிளே ஓட்ட ஆரம்பித்தேன். மகளுடைய பையில் இருக்கிற போட்டோ நினைவுக்கு வந்தது. இவர் இப்படியே மொபெட்டில் ஏறிப் போனால் அந்தப் போட்டோவை அவள் என்ன செய்வாள் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அது நாந்தேங்க" என்றேன்.

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். மாப்பிள்ளையின் தாய்மாமன், வயதில் பெரியவர், முதல் தரம் பார்க்கிறேன். அவரை ஒரு கையால் கும்பிட முடியுமா? எங்கள் பக்கம் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். மூளையைக் கேட்காமலே என் இரண்டு கையும் மார்புக்கு நேரே வந்து சேர்ந்தன. ஒரு கை கம்பத்தை விட்டது. இன்னொன்று டீக் கிளாசை விட்டது.

கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, சைக்கிளோடு அவர் காலடியில் விழுந்தேன்.

"அய்யய்ய, என்னங்க இது!" என்று அவர் துள்ளிப் பின்னால் போனார். "பொண்ணு வீடுன்னா கால்லயெல்லாமா விழுகுறது? எந்திரிங்க, எந்திரிங்க. இன்னம் ஒண்ணும் பேசி முடிக்கலயே."

குனிந்து என் தோளைத் தூக்கினார். அவர் மூக்கு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து ஒரு நொடி நின்றது. ஏலக்காய் வாசம் அடித்திருக்கும். முகம் மாறியது. என் தோளைத் தரையில் மெதுவாகத் திரும்ப வைத்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். படுத்துக்கொண்டு பேசுவது எளிது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மேலே மின்கம்பி, அதற்கு மேலே மலை, மலை மேல் மேகம். அவற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை வந்ததை, பெடல் இல்லாமல் சைக்கிள் வந்ததை, ஷூவுக்கு அடியில் இருக்கிற இரும்பை, குதிகாலைத் திருப்பினால் விட வேண்டும் ஆனால் விடமாட்டேன் என்கிறது என்பதை. வாசம் கடை வாசம் என்பதையும் சொன்னேன். நான் அவ்வளவு பேசி டீக்கடையில் யாரும் கேட்டதில்லை. பேப்பர்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன.

பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் காலை இழுத்துப் பார்த்தார். காலோடு சைக்கிளும் வந்தது. மாட்டுக்குக் கன்று இழுத்துப் பழகிய கை மாதிரி, ஒரு கையால் பெடலை அமுக்கிக்கொண்டு மறு கையால் முறுக்கினார். அசையவில்லை. ஷூ முடிச்சை அவிழ்த்து என் பாதத்தை உருவிவிட்டார். சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தார். பிறகு காலியான ஷூவை இரண்டு கையாலும் பிடித்து, முகம் சிவக்க ஒரு திருகு திருகினார். 'டக்' என்று வந்தது.

அடியில் இருந்த இரும்புத் துண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இத யாரு உங்களுக்கு மாட்டி விட்டது?"

"நானே வாங்கி மாட்டுனதுங்க."

"காசு குடுத்தா?"

"ஆமாங்க."

"சொந்த நெனவோட?"

"ஆமாங்க."

ஷூவை என் பக்கத்தில் வைத்தார். "குடிச்சுட்டு விழுந்துருந்தாக்கூட அதுல ஒரு நாயம் இருக்கு" என்றார்.

டீ மாஸ்டரிடம் இரண்டு டீ சொன்னார். மற்றக் காலைப் பல்லைக் கடித்து முறுக்கி நானே விடுவித்துக்கொண்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஓட்டைச் சாக்சுமாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் பாதி டீ வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் மட்டுமல்ல, டீக்கடையே காத்திருந்தது.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும்" என்றார் கடைசியில். "பொண்ணுக்கு உங்க புத்தியா, ஆத்தா புத்தியா?"

"ஆத்தா புத்திங்க."

"அப்பச் சரி. வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றோம்."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மகள் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். மற்ற எல்லாரும் என் பெடலைப் பார்த்தார்கள். அந்த வீட்டிலிருந்து வந்த ஒவ்வொருவருக்கும் நான் வாசலில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்து, மாட்டிக் காட்டி, கழற்றிக் காட்ட வேண்டியிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைவிட அதிகக் கேள்வி கேட்கப்பட்டவன் நான்தான்.

நிச்சயத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்த மச்சினன் பெடலை ஒரு பார்வை பார்த்தான். குட்டி ஸ்குரூவைப் பாதிக்கு மேல் தளர்த்தினான். கால் வெண்ணெயிலிருந்து கத்தி எடுத்த மாதிரி வந்தது. மெக்கானிக்குக்கு இதில் மனத்தாங்கல். "இப்பிடி லூசா விட்டா கழண்டுறாதாண்ணே?" என்று கேட்டார். கழல்வதற்குத்தான் அது என்று நான் சொன்னேன். கழல்வதற்கென்றே ஒருவன் ஒரு சாமானைச் செய்வான் என்பதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

ஆனாலும் கல்யாணம் முடிகிறவரை எந்த வம்பும் வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். வங்கி அதிகாரியிடம் கேட்டு அந்த ரெண்டுங்கெட்டான் பெடலையே வாங்கிப் போட்டேன். ஊருக்குள் தட்டைப் பக்கம். முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பெடலைப் புரட்டினால் கவ்வுகிற பக்கம். குரங்கணி மேட்டில் காலை மேலே இழுத்து மிதிக்கும்போது, எனக்கும் கொஞ்சம் பலம் இருக்கத்தான் செய்கிறது என்று தெரிகிறது. டாக்டர் என் பெடலைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு அது நல்ல வாரமாக இருந்தது.

மகள் ராசிங்காபுரத்துக்குப் போய்விட்டாள். போட்டோ இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறதாம், ஆளே கூட இருக்கும்போது எதற்கு என்று தெரியவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. கல்யாணம் முடிந்த மாதத்தில் முந்தல் ஏற்றத்தில் தாய்மாமன் எதிரே மொபெட்டில் வந்தார். எனக்குக் கவ்வுகிற பக்கம் மாட்டியிருந்தது. கையை எடுத்தால் என்ன ஆகும் என்று உடம்புக்குத் தெரியும். அதனால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனேன். இரண்டு நாளில் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது.

"சம்பந்தம் முடியிறவரைக்கும் கால்ல விழுந்த மனுசன், முடிஞ்ச பெறகு கையெடுத்துக் கும்பிடக்கூட மாட்டேங்கிறாருன்னு பேசிக்கிறாகளாம்" என்றாள் மனைவி. "அந்த ஒரு ஆளையாவது பாத்தா நின்னு, எறங்கி, கும்பிட்டுட்டு வாங்களேன்."

அன்றிலிருந்து தூரத்தில் மொபெட் தெரிந்தாலே குதிகாலைத் திருப்பிக் காலை விடுவித்து, சைக்கிளை ஓரமாக நிறுத்தி, இரண்டு கையாலும் கும்பிட்டுவிடுகிறேன். வருகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்த்து முடிவதற்குள் கடந்துவிடுவார்கள். பால்காரர், கீரை விற்கிறவர், மின்வாரியத்து ஆட்கள் எல்லாருக்கும் கிடைக்கிறது. மொபெட் வைத்திருக்கிறவர்கள் மத்தியில் எனக்கு இப்போது நல்ல பெயர்.

தாய்மாமன் மொபெட்டை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது என்று நேற்றுத்தான் மகள் போனில் சொன்னாள்.